எட்டு மணி ஷிப்டு என்னுடையது

இசக்கிக்கு அம்மா எழுதுவது.

இது நலம் விசாரிக்கிற கடிதம் இல்லை. நீ நலமாகத்தான் இருப்பாய், அம்பர்நாத்தில் கம்பெனி கொடுத்த பூட்ஸையும் கையுறையையும் மாட்டிக்கொண்டு. கார்த்திகையில் கல்யாணத்தை வைத்துக்கொண்டு பெற்றவள் இப்போது போய்க் கோபக் கடிதம் எழுதலாமா என்று உனக்குத் தோன்றும். கல்யாணம் முடிந்து எழுதினால், மருமகள் வந்ததும் மாமியாருக்கு வந்த கோபம் என்று பேசுவார்கள். அதனால் இப்போதே எழுதுகிறேன். போனில் சொல்லிப் பார்த்தேன். "எம்மா, லைன் ஓடிக்கிட்டிருக்கு, அப்பொறம் பேசுதேன்" என்று வைத்துவிடுகிறாய். வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. பாதியிலேயே நிறுத்தியிருப்பாய். எழுத்து என்றால் உன்னால் அப்படி ஓட முடியாது. இந்திப் பள்ளிக்கூடத்தில் படித்தவன், தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய், ஒவ்வொரு சொல்லிலும் நின்று நின்றுதான் போக வேண்டும். நின்றே போ. முடியாவிட்டால் நீ கட்டிக்கொள்ளப் போகிற உமாவிடம் கொடு, அவள் வாசித்துச் சொல்வாள். அவளுக்கும் இதில் விஷயம் இருக்கிறது. தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கும் ஒரு படி கொடுக்கப்போகிறேன், என் பெயர் இல்லாமல். உன் பெயர் இருக்கட்டும். தாராவியில் இசக்கி என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், யாருக்கும் தெரியப்போவதில்லை.

விஷயம் ஒன்றுதான். நீ எனக்குத் தெரியாமல் பட்டறை முதலாளி சேட்டிடம் போய், என்னை மிஷினிலிருந்து எடுக்கச் சொன்னாய். அவரும் எடுத்துவிட்டார். அது தப்பு என்று நீ ஒத்துக்கொள்ள வேண்டும். "உன் நல்லதுக்குத்தான் சொன்னேன்" என்று ஆரம்பிக்காதே. அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. உன் அப்பா இறந்த வருஷம் ஊரிலிருந்து உன் பெரியப்பா வந்து, சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு பம்பாயில் தனியாக என்ன செய்வாய், புறப்படு என்றார். அவரும் என் நல்லதுக்குத்தான் சொன்னார். நான் புறப்படவில்லை.

உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் உமாவுக்குத் தெரியாது, அவளுக்காகச் சொல்கிறேன். நான் சேட்டின் பட்டறையில் சேர்ந்தது மேசை வேலைக்கு. ஊறுகாய் பாட்டிலின் மூடி மிஷினிலிருந்து வரும்போது அதன் ஓரத்தில் பிசிர் இருக்கும், அதை பிளேடால் சீவிப் பையில் போட வேண்டும். பெண்களுக்கு மேசை, ஆண்களுக்கு மிஷின், அப்படித்தான் அங்கே வழக்கம். மேசை மிஷினுக்கு எதிரே இருந்தது. கை சீவிக்கொண்டிருக்கும், கண் மிஷினைப் பார்த்துக்கொண்டிருக்கும். பிளாஸ்டிக் குருணையைக் கொட்டுவது, சூடு ஏறுவது, டை என்கிற இரும்பு அச்சு இரண்டு பக்கமும் வந்து மூடிக்கொள்வது, திறப்பது, மூடியைக் கையால் எடுப்பது எல்லாம் பார்த்துப் பார்த்து எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. ஒருநாள் ஆபரேட்டர் தங்கை கல்யாணம் என்று ஊருக்குப் போய்விட்டான், வேறு ஆள் வரவில்லை. சேட் போனில் கத்திக்கொண்டே அங்கும் இங்கும் நடந்தார். நான் பிளேடை வைத்துவிட்டு எழுந்து போய் ஸ்டூலில் உட்கார்ந்து சுவிட்சைப் போட்டேன். முதலில் வந்தது எல்லாம் அரைகுறை மூடி. மேசையில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். சாப்பாட்டு நேரத்துக்குள் சரியாக வர ஆரம்பித்தது. சேட் பார்த்தார், போனை வைத்துவிட்டார். என்னை அந்த ஸ்டூலில் யாரும் உட்கார வைக்கவில்லை, நானாக உட்கார்ந்தேன். அதனால் என்னை அங்கிருந்து யாரும் எழுப்ப முடியாது என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் பெற்ற நீ எழுப்பிவிட்டாய்.

பன்னிரண்டாவது முடித்ததும் இனிமேல் படிப்பு வேண்டாம் என்று நீ சொன்னபோது நான் உன்னோடு சண்டை போட்டேன். நீ கேட்கவில்லை. பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று யாரிடம் கேட்க? கடைசியில் நான்தான் சேட்டிடம் சொல்லி, அதே மிஷினில் உன்னை இரவு ஷிப்டில் போட வைத்தேன். எனக்குக் காலை எட்டு மணி, உனக்கு இரவு எட்டு மணி. நான் இறங்க, நீ ஏற. வீட்டிலும் ஒரே பாய்தான், பகலில் நீ, இரவில் நான். எத்தனையோ வருஷம் அம்மாவும் மகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது அந்த மிஷினுக்குப் பக்கத்தில்தான். போகிறவர் கடைசியாக வந்த மூடியை, அதில் ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் தண்டோடு அப்படியே மிஷின் தலையில் வைத்துவிட்டுப் போவோம். வருகிறவர் அதைத் திருப்பிப் பார்த்தால் போதும், சூடு எப்படி இருக்கிறது, குருணை எப்படி இருக்கிறது, அன்றைக்கு மிஷின் என்ன குணத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். பேசக்கூட வேண்டாம். ஆனால் நீ பேசுவாய். நீ நெட்டையன், நான் குட்டை. நீ ஸ்டூலுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்திக்கொள்வாய், நான் காலையில் வந்ததும் அதை உருவி எறிவேன். தினமும் இதற்கு ஒரு சண்டை. "எம்மா, அந்தச் செங்கல்ல ஒன் காலுல போடாம ஒரு நாளாச்சும் எடேன்" என்பாய். "செங்கல் மேல உக்காந்து மூடி போட நீ என்ன கலெக்டரால?" என்பேன். ராம்பிரசாத் அதைக் கேட்டுத்தான் தமிழ் படித்தான். பீகாரிலிருந்து வந்த பையன், அவனுக்குத் தெரிந்த தமிழ் முழுக்க நானும் நீயும் அங்கே திட்டிக்கொண்டது. நீ அம்பர்நாத்துக்குப் போனதும் உன் இரவு ஷிப்டுக்கு வந்தவன் அவன்தான்.

இப்போது அந்தக் கட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும், உன் பேச்செல்லாம் அதைப் பற்றித்தானே. மிஷினுக்கு முன்னால் கண்ணாடி வைத்த ஒரு தள்ளு கதவு உண்டு. கதவைச் சாத்தினால்தான் டை மூடும், கை உள்ளே இருக்கும்போது மூடிவிடக் கூடாது என்பதற்காக. கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்க்க ஓரத்தில் ஒரு சின்ன சுவிட்ச். அந்தச் சுவிட்சை அமுக்கினபடி ஒரு மரக்கட்டையைச் செருகிவிட்டால், கதவு திறந்து கிடந்தாலும் சாத்தியிருப்பதாக மிஷின் நினைத்துக்கொள்ளும். தானாக மூடும், தானாகத் திறக்கும். திறக்கிற நேரத்தில் கையை விட்டு மூடியை எடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு தடவையும் கதவைத் தள்ளி இழுக்கிற நேரம் மிச்சம், மூடி கூடுதல். தாராவியில் எந்தப் பட்டறையில் இந்தக் கட்டை இல்லை? தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்வோம், போனதும் செருகுவோம். ஒரு தடவை சேட்டே பயந்துபோய் எடுத்துவிட்டார், நான்தான் புதுக் கட்டை சீவி வைத்தேன். நீயும் அந்தக் கட்டையோடுதான் ஓட்டினாய். அதோடுதான் தொழில் படித்தாய்.

இந்த ஆடி மாதம் நல்ல மழை, கரண்ட் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. ஒரு மூடி டையில் ஒட்டிக்கொண்டது. நான் நகத்தால் நெம்பினேன். வழக்கத்தைவிட ஒரு கணம் கூட ஆகிவிட்டது. இடது கை நடுவிரலின் நுனி போனது, நகத்தோடு. அவ்வளவுதான். இரவு ஷிப்டு முடிந்து பட்டறை மேல்தளத்தில் தூங்கிக்கொண்டிருந்த ராம்பிரசாத் எழுந்து வந்து ஆட்டோவில் சயான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான், தையல் போட்டார்கள், கட்டு ஆறும்வரை மேசையில் உட்கார்ந்தேன், ஆறியதும் மிஷினுக்கு வந்துவிட்டேன். உன்னிடம் அரிவாள்மனை வெட்டிவிட்டது என்று சொன்னேன். பொய்தான். அதற்காக நான் தலை குனியப் போவதில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். நான் பயந்ததைத்தானே நீ செய்திருக்கிறாய்?

ஆவணியில் நிச்சயதார்த்தம். அம்பர்நாத்தில் உமாவின் வீட்டில் நல்ல மரியாதை செய்தார்கள், குறை சொல்ல மாட்டேன். பெண்ணின் அப்பா தொழிற்சாலையில் லேத் ஓட்டி ரிட்டயர் ஆனவர், அவர் கையைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது, வேலை பார்த்த கை. நான் என் கையை முந்தானைக்குள் வைத்திருந்தேன். சம்பந்தியம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "மதினி, நீங்க என்ன பண்ணுதிய?" என்று கேட்டார். சும்மா பேச்சுக்குக் கேட்டதுதான். நான் வாயைத் திறப்பதற்குள் நீ எங்கிருந்தோ நடுவில் விழுந்தாய். "அம்மா வீட்டுலதான் இருக்காவ அத்தை. நான் சம்பாதிக்கும்போது இனி அவுக எதுக்கு வேலைக்குப் போவணும்?" என்றாய். எல்லோரும் தலையை ஆட்டினார்கள், நல்ல பிள்ளை என்று. நான் மறுக்காமல் பந்திக்கு எழுந்து போனேன். உன் மானத்தைக் காப்பாற்றுவதற்காக என்று நினைத்துக்கொள்ளாதே. பந்தியில் இலை போட்டாகிவிட்டது, சாப்பிட உட்காருகிற நேரத்தில் நான் சண்டை பிடிப்பதில்லை, அவ்வளவுதான். ரயிலில் திரும்பும்போது ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். அவர்கள் ஒரு மாதிரி நினைப்பார்கள் என்றாய். லேத் ஓட்டினவர் வீட்டில் மிஷின் ஓட்டுகிறவளை என்ன மாதிரி நினைப்பார்கள்? ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கல்யாண் வரை வந்தாய், இறங்கி டீ வாங்கிக் கொடுத்தாய், டீயோடு பேச்சு முடிந்தது என்று நினைத்தாய்.

அதற்குப் பிறகுதான் ராம்பிரசாத் உனக்குப் போன் போட்டு விரலைப் பற்றிச் சொல்லியிருக்கிறான். அவனை நான் திட்டவில்லை. என் மேல் இருக்கிற பிரியத்தில் உளறிவிட்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ வந்து நின்றாய். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. என் கையைப் பிடித்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாய், நான் உன் சின்ன வயதில் உன் சிரங்கைப் பார்த்த மாதிரி.

"கட்டைய வெச்சுத்தான ஓட்டுன?"

"நீயும் அப்பிடித்தாம்ல ஓட்டுன."

"நான் ஓட்டுறப்ப எனக்கு ஒரு பயமும் வரல. நீ ஓட்டுறத நெனைச்சா எனக்கு ஒறக்கம் வரமாட்டேங்கு. விட்டுரும்மா. மாசாமாசம் நான் அனுப்புதேன். சும்மா இரு."

"சும்மா இருக்கதுக்கு நான் என்ன செத்தா போனேன்?"

சோறு போட்டேன், சாப்பிட்டாய், போனாய். நான் முடியாது என்று சொல்லிவிட்டேன், நீ கேட்டுக்கொண்டாய் என்றுதான் நினைத்தேன். உன் முகம் அப்படித்தான் இருந்தது. உள்ளே ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே தலையாட்டுகிற புத்தி உனக்கு எப்போது வந்தது?

தசராவுக்கு இரண்டு மூன்று நாள் முன்னால், காலையில் நான் போனபோது ராம்பிரசாத் ஷிப்டு முடிந்தும் ஸ்டூலைவிட்டு எழுந்திருக்கவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் சேட் கூப்பிடுகிறார் என்றான். சேட் எனக்கு நாற்காலி போட்டு டீ வரவழைத்தார். இத்தனை வருஷத்தில் அவர் எனக்கு டீ வரவழைத்தது உன் அப்பா காரியத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான். சுற்றி வளைத்துப் பேசினார். வயசாகிறது என்றார். பட்டறையே இங்கே எத்தனை நாளோ, தாராவியை இடித்துக் கட்டப் போவதாகச் சொல்லி சர்வேக்காரர்கள் கதவில் நம்பர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள், வசாயில் இடம் பார்க்கிறேன் என்றார். நான் டீயைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். கடைசியில், அங்கே எல்லோரும் போல மராத்தியில் சித்தி என்று கூப்பிட்டு, சொல்லிவிட்டார்: "மௌஷி, உன் மகன் வந்திருந்தான். அம்மாவை மிஷினிலிருந்து எடு, இல்லையென்றால் கட்டை விஷயத்தை இன்ஸ்பெக்டரிடம் சொல்லுவேன் என்றான். நான் என்ன செய்ய?" அன்றைக்கே எல்லா மிஷினிலிருந்தும் கட்டையைப் பிடுங்கிவிட்டார், நீ எப்படியும் சொல்லிவிடுவாயோ என்ற பயத்தில். என்னை மேசைக்குப் போகச் சொன்னார், பிசிர் சீவ. நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வாசலில் ஆபரேட்டர்கள் நின்றிருந்தார்கள். கதவைத் தள்ளித் தள்ளி எல்லோருக்கும் மூடி குறைந்துவிட்டது, மூடிக் கணக்கில்தான் கூலி. ஒருவன் என் காதில் விழும்படி, "மௌஷியோட பையன் படா சாப் ஆயிட்டான்" என்றான், பெரிய துரை ஆகிவிட்டாயாம். அதைக் கேட்டுக்கொண்டே நடந்தேன். அதுவும் உன்னால்தான்.

நான் உன்னிடம் கேட்பது இதைத்தான், நன்றாக எழுத்துக் கூட்டிப் படி. கட்டைதான் உன் பயம் என்றால், கட்டையை எடு என்று சேட்டிடம் சொல்லியிருக்க வேண்டும். அவரை மிரட்ட உன் கையில் ஒரு ஆயுதம் இருந்தது. அதைக் காட்டி நீ என்ன கேட்டாய்? அம்மாவை எடு என்று கேட்டாய். கட்டை அங்கேயே இருந்திருக்கும், உனக்கு அது பரவாயில்லை. ராம்பிரசாத்துக்கு விரல் இல்லையா? அவனுக்குப் பீகாரில் அம்மா இல்லையா? சேட் பயந்து எடுத்ததால் எடுத்தது, நீ சொல்லி எடுக்கவில்லை. அம்பர்நாத்தில் உனக்கு பூட்ஸ் கொடுத்து, கையுறை கொடுத்து, மாதம் ஒரு தடவை உட்கார வைத்துப் பாடம் எடுக்கிறார்கள் என்று பெருமையாகச் சொன்னாயே, ஆபத்து இருந்தால் ஆளை வீட்டுக்கு அனுப்பு என்றா அங்கே சொல்லிக்கொடுக்கிறார்கள்? உன் கம்பெனியில் ஒருவனுக்குக் கையில் அடிபட்டால், அவன் பெண்டாட்டி வந்து மேனேஜரிடம் பேசி அவனை வேலையைவிட்டு எடுத்துவிட்டால், நீ அதைச் சரி என்பாயா? யூனியன்காரனைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்கமாட்டாயா?

தசரா அன்றைக்கு மட்டும் போனேன். உள்ளே போகவில்லை, கதவோரம் நின்றேன். ஒவ்வொரு வருஷமும் மிஷினைத் துடைத்துச் சந்தனம் வைத்து, சாமந்தி மாலை போடுவது நான். இந்த வருஷம் ராம்பிரசாத் போட்டிருந்தான். சரியாகத்தான் போட்டிருந்தான், குறை இல்லை, மாலை மட்டும் சுவிட்ச் மேல் தொங்கிக்கொண்டிருந்தது. சேட் என்னைப் பார்த்துவிட்டு, மௌஷி வந்து தேங்காய் உடைக்கட்டும் என்றார். இரக்கப்பட்டு எனக்கு ஒருவர் தேங்காயைக் கொடுக்க வேண்டுமா? நான் உடைக்கவில்லை. கொடுத்த பேடா இனிப்பையும் வாங்கவில்லை. தீபாவளிக்கு நீ வந்து, முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டாய். எனக்கு எல்லாம் தெரியும் என்று உனக்குத் தெரியும், தெரிந்துகொண்டே கேட்டாய். நான் முறுக்கைப் பிழிந்துகொண்டே இருந்தேன்.

வீட்டில் சும்மா இருப்பது எப்படி என்று உனக்குத் தெரியாது. காலையில் தண்ணீர் பிடித்தாகிவிட்டால் அப்புறம் சாயங்காலம்தான். மேலே ஏணி ஏறிப் படுத்தால் கூரைத் தகரம் கொதிக்கிறது, கீழே உட்கார்ந்தால் சந்தில் போகிறவர்கள் எல்லாம் உடம்பு சரியில்லையா அக்கா என்று கேட்கிறார்கள். எதிர்வீட்டுக்காரி சீரியல் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். மூன்றாம் நாள் எனக்கு அதில் யார் யாருக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துவிட்டது, நாலாம் நாள் அவளோடு சண்டை வந்துவிட்டது. நீ அனுப்பிய பணம் அப்படியே கிடக்கிறது. அது உன் கல்யாணத்துக்கு ஆகும், எனக்கு வேண்டாம். நான் பசியில் வேலைக்குப் போன காலம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பசி போன பிறகும் எட்டு மணிக்கு என் கால் அந்தப் பக்கம் நடக்கிறது. அது ஏன் என்று உனக்குச் சொல்ல எனக்குத் தெரியவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. உன்னை யாராவது அப்படிக் கேட்கிறார்களா?

உமா, இது உனக்கு. நீ அங்கே மாத்திரை கம்பெனியில் பேக்கிங் லைனில் நிற்கிறாய் என்று உன் அம்மா சொன்னாள், கல்யாணத்துக்குப் பிறகும் போவாய் என்றும் சொன்னாள். போ. ஒருநாள் உனக்குக் கால் வலிக்கும், அல்லது முழுகாமல் இருப்பாய், அல்லது லைனில் மயக்கமாக வரும். அன்றைக்கு இவன் உன்னைப் பார்த்து ஒன்றும் சொல்லமாட்டான், நல்ல பிள்ளையாகத் தலையாட்டுவான், சோறு சாப்பிடுவான். அடுத்த வாரம் உன் சூப்பர்வைசர் உனக்கு நாற்காலி போட்டு டீ வரவழைப்பார். அப்போது இந்தக் கடிதத்தை நினைத்துக்கொள். இசக்கி, நீயும் கேள். பெண்டாட்டிக்கு ஒன்று என்று உனக்குப் பயமாக இருந்தால், பயத்தை அவளிடம் சொல். அவள் முடியாது என்றால் திரும்பச் சொல், சண்டை போடு, தட்டைத் தூக்கி எறி. அவள் வேலை செய்கிற இடத்து வாசலை மட்டும் மிதிக்காதே. எனக்கு நீ செய்ததை அவளுக்குச் செய்தால் அவள் என்னைப் போலக் கடிதம் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கமாட்டாள்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை நான் பட்டறைக்குப் போனேன். சட் பூஜைப் பண்டிகைக்கு என்று ராம்பிரசாத்தும் மற்றப் பீகார்ப் பையன்களும் ஊருக்கு ரயிலேறிவிட்டார்கள், பாதி மிஷின் மூடிக் கிடந்தது. சேட் முன்னே மாதிரி போனில் கத்திக்கொண்டிருந்தார். நான் நாற்காலியில் உட்காரவில்லை. கட்டையைத்தான் எடுத்துவிட்டீர்களே, இனி என் மகன் இன்ஸ்பெக்டரிடம் போய் எதைச் சொல்வான் என்று கேட்டேன். அவர் போனைக் காதிலிருந்து எடுத்தார். கதவைச் சாத்தித்தான் ஓட்டப்போகிறேன், சட்டப்படி ஓட்டுகிறவளை எந்தச் சட்டப்படி எழுப்புவீர்கள் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் எடுத்த கட்டையைத் திரும்பச் சீவி வைத்தவளே நீதானே, நீ கதவைச் சாத்தி ஓட்டுவாயா என்றார். ஓட்டுவேன் என்றேன். மூடி குறையும் என்றார். குறையட்டும், கூலியும் குறையட்டும் என்றேன். உன் மகன் திரும்ப வந்து நின்றால் என்று இழுத்தார். அவனை என்னிடம் அனுப்புங்கள் என்றேன். சனிக்கிழமை சாப்பாடு வரைக்கும் ஓட்டிக் காட்டு, பார்க்கலாம் என்றார். நேற்று ஓட்டிக் காட்டினேன். திங்கட்கிழமை எட்டு மணிக்கு வரச் சொல்லிவிட்டார். நாளைக்குப் போகிறேன்.

நான் ஜெயித்தேன் என்று சொல்வதற்காக எழுதவில்லை. ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. கல்யாணத்துக்கு நான் வருவேன், தாலி எடுத்துக் கொடுக்கிற இடத்தில் நிற்பேன், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் அதற்கு முன்னால் நீ உமா வீட்டுக்குப் போய், சம்பந்தியம்மாளிடம், எங்க அம்மா தாராவியில் மிஷின் ஆபரேட்டர், எட்டு மணி ஷிப்டு என்று உன் வாயால் சொல்ல வேண்டும். நான் சொன்னால் அது என் பெருமை ஆகிவிடும். நீதான் சொல்ல வேண்டும், பொய் சொன்னவன் நீ. சொல்லவில்லை என்றால், மண்டபத்தில் முந்தானையை விலக்கி இந்த விரலைக் காட்டி நானே சொல்வேன். அன்றைக்கு இலை போட்டிருந்தாலும் பார்க்க மாட்டேன்.

நேற்று ஓட்டினது எப்படி இருந்தது என்று நீ கேட்கமாட்டாய், நானே சொல்கிறேன். எரிச்சலாக இருந்தது. கட்டை இருந்த காலத்தில் எடுக்க, மேசைப் பக்கம் போட, அடுத்ததை எடுக்க என்று கைக்கு ஒரு கணம் ஓய்வு கிடையாது, மனசில் ஒன்றும் ஓடாது. இப்போது கதவைச் சாத்திவிட்டால் டை மூடி, பிளாஸ்டிக் உள்ளே இறங்கி, ஆறி, திரும்பத் திறக்கிறவரை எனக்கு வேலை இல்லை. கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. மடியில் வைத்துப் பார்த்தேன், இடுப்பில் வைத்துப் பார்த்தேன். கண்ணாடி வழியாக உள்ளே பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் உன் நினைப்புத்தான் வருகிறது. செருப்பைக் கழற்றாமல் வந்து நின்றது, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது எல்லாம் வருகிறது. வந்ததும் உன்னைத் திட்டுகிறேன். டை திறக்கிறது, கதவைத் தள்ளி மூடியை எடுக்கிறேன், அதோடு விட்டுப்போகிறது. கதவைச் சாத்தினால் திரும்ப வருகிறது. நாளையிலிருந்து ஒரு நாளைக்கு எத்தனை மூடியோ அத்தனை தடவை, பத்து விரலையும் மடியில் வைத்துக்கொண்டு, உன்னைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கப் போகிறேன்.